வெண்சாந்துக்கு ஏறிய நிறம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாறை ஓவியங்களில் பெரும்பாலானவை வெண்சாந்தில் தீட்டப்பட்டவை. பர்கூரை அடுத்த மல்லப்பாடியில் குதிரைமேல் எதிரெதிரே பொருதும் இரு வீரர்களை 1970களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. வி. இராமன் வெளிக்கொணர்ந்தார். மங்கிய ஓவியத்தைக் காண அந்நாட்களில் பாறைமீது தண்ணீர் தெளிப்பர், சுண்ணக்கட்டியால் விளிம்பு வரைவர். பார்த்தவர்களே அழித்த ஓவியங்கள் எத்தனையோ!

2005இல் அமெரிக்கரான ஜான் ஹார்மன் 'டி-ஸ்ட்ரெட்ச்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். செயற்கைக்கோள் படங்களுக்கென வகுக்கப்பட்ட கணித முறையே இதன் அடிப்படை. ஒளிப்படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். அவை பிரியும் நுண்ணிய இடங்களை மட்டும் பன்மடங்காக விரித்துப் புதிய நிறங்களாகக் காட்டுகிறது இது. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் உள்ளவை போன்ற செங்காவி ஓவியங்களுக்கு இது வரப்பிரசாதம். வெள்ளை அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. அங்கே வேறுபாடு நிறத்தைவிட ஒளியளவிலேயே மிகுதி.

கெலவரப்பள்ளி அணைக்கருகே நண்பர் வீட்டில் ஒரு மாலை நாங்களும் முயன்றோம். பாறை ஊதாவாயிற்று, குதிரையின் பின்னால் பச்சைக் கோடொன்று துலங்கியது. வாலா, ஈட்டியா என்று அரைமணி நேரம் வாதிட்டோம். மூலப்படத்தைப் பெரிதாக்கியபோது அது பாறைப்பாசி எனத் தெரிந்தது.

நிறமேற்றிய படம் மட்டும் கைமாறிச் செல்லுமானால் அப்பாசி ஈட்டியாகவே வரலாற்றில் நிலைத்துவிடும். கருங்கல் குவாரிகள் மலிந்த மாவட்டம் இது. பின்னொருநாள் சரிபார்க்கப் பாறையே இல்லாமற் போகலாம். எனவே மூலப்படத்தையும் உடன் வைத்தே அனுப்புகிறோம்.