வகுப்பறையில் பக்கத்தில் உட்காரும் அந்த ஒருவர்

மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கு வகுப்பில் துணையாக இருக்கும் உதவியாளர்களைப் பற்றி நம் கலந்துரையாடலில் பேசலாம் என்றதும், நிகழ்ச்சிக் குழுவில் ஒருவர், "ஆசிரியருக்கு வரலாறு உண்டு, உதவியாளருக்கு என்னங்க வரலாறு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பள்ளி ஆண்டு மலரைப் புரட்டினால் தலைமையாசிரியர் படம் இருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் படம் இருக்கும். பிள்ளைக்குச் சோறு ஊட்டி, கழிவறைக்கு அழைத்துப்போய், பென்சில் பிடிக்கப் பழக்கியவரின் படத்தைத் தேடத்தான் வேண்டும். ஆனாலும் அவருக்கும் வரலாறு உண்டு. அதில் நம் ஜொகூருக்கும் ஓர் இடம் உண்டு.

பார்வையற்ற பிள்ளைகளுக்காக மலாக்காவில் 1926-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் செயிண்ட் நிக்கலஸ் இல்லத்தைத் தொடங்கினார்கள். அது 1931-இல் பினாங்குக்கு மாறியது. போர் முடிந்து, 1948-இல் ஜொகூர் பாருவில் பிரின்சஸ் எலிசபெத் பள்ளி வந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் மகாராணியான இளவரசியின் பெயர் அது. (பாளையங்கோட்டையில் மிஸ் ஆஸ்க்வித் என்ற அம்மையார் 1890-லேயே இப்படியொரு பள்ளியைத் தொடங்கிவிட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.) தங்கிப் படிக்கும் பள்ளி என்றால் பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியர் மட்டும் போதாது. காலையில் எழுப்ப, குளிப்பாட்ட, படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கைபிடித்துக் காட்ட ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பட்டமோ சான்றிதழோ யாரும் கேட்கவில்லை. நல்ல மனசு போதும் என்று நினைத்த காலம் அது.

ஆசிரியர்களுக்கான பயிற்சி விரைவாகவே வந்துவிட்டது. 1962-இல் பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டமும், மறு ஆண்டு செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான திட்டமும் தொடங்கின. கோலாலம்பூர் செராசில் இருந்த சிறப்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இதற்கென்று ஆசிரியர்களை உருவாக்கியது. பிரெயில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் பார்வையற்ற பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து பாடம் படித்துவிடும். உதவியாளர் இல்லாத குறை அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

நிலைமை மாறியது 1988-இல். அந்த ஆண்டுதான் கோலாலம்பூர் ஜாலான் பத்து தொடக்கப்பள்ளியில், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு முன்னோடி வகுப்பு தொடங்கப்பட்டது. டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இத்தகைய வகுப்புகளுக்கு வந்தார்கள். ஒரு பிள்ளை திடீரென்று வெளியே ஓடும். ஒன்று துணியை நனைத்துவிடும். இன்னொன்று சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழும். ஆசிரியர் ஒருவர் என்னதான் செய்வார்? இந்தத் தேவையிலிருந்துதான் இன்று பி.பி.எம். என்று நாம் சொல்லும் மாணவர் நிர்வாக உதவியாளரின் வேலை வளர்ந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். 1996 கல்விச் சட்டத்தின் கீழ் 1997-இல் வந்த சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் உதவியை நம்பாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளையைத்தான் "கற்பிக்கத் தகுந்த பிள்ளை" என்றன. உதவி தேவைப்படுகிற பிள்ளையா, வாசலோடு சரி. எத்தனை பெற்றோர் அந்த ஒரு வரியால் திரும்பி வந்திருப்பார்கள்! 2008-இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது. 2013-இல் பழைய விதிமுறைகளுக்குப் பதில் புதியவை வந்தன. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019-இல் நடப்புக்கு வந்தது. கதவைத் திறந்துவிட்டோம். உள்ளே வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் எதைக் கற்று வந்திருக்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி.

இந்தப் பதவிக்கு அடிப்படைத் தகுதி எஸ்.பி.எம். பயிற்சி பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகு, குறுகிய வகுப்புகளாகத்தான் கிடைக்கிறது. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 2005 முதல் சாதாரணப் பள்ளிகளில் சிறப்புத் தேவை அதிகாரிகள் என்று தனியாக ஆட்களை நியமித்து, தேசியக் கல்விக் கழகத்தில் ஓராண்டு டிப்ளோமா படிக்க வைத்தார்கள். பதவியின் பெயர் பிறகு மாறியது, வேலை அதேதான்.

ஓராண்டு எதற்கு என்று கேட்கலாம். வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது நம் வீட்டு வழக்கம். பயிற்சி பெற்றவர் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்ப்பார். வாயில் எதையும் வைக்க விடமாட்டார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தலையை அண்ணாத்தி ஊட்டினால் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி ஊட்ட வேண்டும். பார்வையற்ற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக்கூடாது. நம் முழங்கையை அது பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இதெல்லாம் அன்பு இருந்தால் தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கற்க வேண்டியதில் மிகவும் கடினமானது, எப்போது கையை எடுப்பது என்பது. இங்கிலாந்தில் சுமார் 8,200 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள் படிப்பில் மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளரைக் குறை சொல்லி அந்த ஆய்வு முடியவில்லை. அவர்களுக்குத் தயாரிப்பு இல்லை, ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டமிட நேரம் இல்லை, பிள்ளையின் வேலையை அவர்களே செய்து முடித்துவிடும் பழக்கம் இருந்தது என்பதை அது எடுத்துக்காட்டியது. நம் அம்மாக்கள் பத்து வயதுப் பிள்ளைக்கும் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதை இதோடு நினைத்துப் பாருங்கள்.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் பேச்சு மலாயில் நடக்கும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை "தண்ணி" என்று கேட்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குப் புரியவில்லை. பிள்ளை மேசையைத் தட்டுகிறது. முரடு என்று பெயர் வந்துவிடுகிறது. சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்பு வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் தமிழ் தெரிந்த உதவியாளர் இரண்டு இடத்திலும் தேவை.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கும் ஜொகூர் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று நம் மாநிலத்திலும் பல ஊர்களில் இருக்கின்றன. விண்ணப்பப் பாரத்தை நிரப்புவதற்கு முன், அனுமதி கேட்டு அங்கே இரண்டு வாரம் போய் உட்காருங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது ஆசிரியர் யார் என்று கேட்பதோடு, உதவியாளர் எத்தனை பேர், எந்தப் பயிற்சி முடித்தவர்கள், தமிழ் தெரியுமா என்றும் கேளுங்கள்.