புதிய வடிவ ஹெலிகாப்டரை அடையாளம் காண்பது எப்படி? வடிவம் சொல்லும் செய்தியும் எல்லைக் கடலோரத்தின் தேவையும்

நெய்யாற்றின்கரை: விமானக் கண்காட்சிகளில் வைக்கப்படும் ஹெலிகாப்டர் மாதிரிகளின் படங்கள் வெளியாகும்போதெல்லாம், "இது எந்த ரகம், எங்கே பறக்கிறது?" என்ற கேள்வி விமான ஆர்வலர்களிடையே எழுவது வழக்கம். பல நேரங்களில் அது எங்கும் பறக்காத, வரைவு நிலையில் உள்ள கருத்துரு வடிவமாகவே இருக்கும். அத்தகைய வடிவத்தை எவ்வாறு புரிந்துகொள்வது, பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளை ஒட்டிய தமிழக - கேரள எல்லைக் கடலோரத்திற்கு அது ஏன் முக்கியம் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

சுழலியும் வாலும்

ஒரு ஹெலிகாப்டரில் முதலில் கவனிக்க வேண்டியது அதன் சுழலி. சேத்தக் ஹெலிகாப்டரின் பிரதான சுழலியில் மூன்று இறக்கைகள் உள்ளன. துருவ் ஹெலிகாப்டரில் நான்கும், எம்ஐ-17 ரகத்தில் ஐந்தும் உள்ளன. பொதுவாக, எடை கூடும்போது இறக்கைகளின் எண்ணிக்கையோ நீளமோ கூடுகிறது.

அடுத்தது வால். பிரதான சுழலி ஒரு திசையில் சுழலும்போது, ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் திரும்ப முயலும். அதைத் தடுக்கவே வாலில் சிறிய சுழலி பொருத்தப்படுகிறது. வால் சுழலி இல்லையென்றால், அந்த வேலையை வேறொன்று செய்கிறது என்று பொருள். இந்தியக் கடற்படையின் காமோவ்-31 ரகத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரு சுழலிகள் எதிரெதிர்த் திசைகளில் சுழல்கின்றன. 2019 மார்ச் மாதம் விமானப்படையில் சேர்க்கப்பட்ட சினூக் ரகத்தில் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரு சுழலிகள் உள்ளன.

சிறகு முளைத்த ஹெலிகாப்டர்

அண்மைக் காலக் கருத்துரு வடிவங்களில் ஆர்வலர்களை அதிகம் குழப்புவது பக்கவாட்டுச் சிறகுகளும், அவற்றில் பொருத்தப்பட்ட உந்துவிசிறிகளும்தான். இதன் நோக்கம் வேகம். ஹெலிகாப்டர் முன்னோக்கி விரையும்போது, முன்செல்லும் இறக்கை காற்றைக் கூடுதல் வேகத்தில் எதிர்கொள்கிறது. பின்வரும் இறக்கை குறைந்த வேகத்தில் எதிர்கொள்கிறது. ஓர் எல்லைக்கு மேல் பின்வரும் இறக்கை தூக்குவிசையை இழக்கும். வழக்கமான ஹெலிகாப்டர்கள் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டரை ஒட்டியே நின்றுவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சிறகுகள் தூக்குவிசையில் ஒரு பங்கையும், உந்துவிசிறிகள் முன்னோக்கிய விசையையும் அளித்தால் சுழலியின் சுமை குறையும். ஏர்பஸ் நிறுவனத்தின் எக்ஸ்-3 சோதனை ஹெலிகாப்டர் 2013-ல் மணிக்கு 472 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதே வழியில் உருவான ரேசர் 2024 ஏப்ரல் 25 அன்று முதன்முறையாகப் பறந்தது.

இந்தியாவின் வரைவு

இந்தியாவில் பெரிதும் பேசப்படும் கருத்துரு வடிவம், ஹெச்ஏஎல் எனப்படும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பல்நோக்கு ஹெலிகாப்டர் ஆகும். சுமார் 13 டன் எடைப் பிரிவைச் சேர்ந்த இது, எம்ஐ-17 ரகத்திற்கு மாற்றாகத் திட்டமிடப்பட்டுள்ளது. துருவ் ஹெலிகாப்டரின் அதிகபட்ச எடை சுமார் 5.5 டன் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். இரு என்ஜின்கள் கொண்ட இதற்காக, ஹெச்ஏஎல், பிரான்சின் சாஃப்ரான் ஆகியவற்றின் கூட்டு நிறுவனம் 'அராவல்லி' என்ற என்ஜினை உருவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது.

இதன் கடற்படை வடிவத்தில் சுழலி இறக்கைகளையும் வால் பகுதியையும் மடக்கும் வசதி திட்டமிடப்பட்டுள்ளது. படத்தில் மடிப்பு மூட்டுகள் தென்பட்டால், அது கப்பலின் குறுகிய கூடத்திற்குள் நிறுத்துவதற்கான வடிவம் என்று புரிந்துகொள்ளலாம்.

மாதிரியும் நிஜமும்

கண்காட்சி மாதிரிக்கும் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் இடையிலான தொலைவு நீண்டது. துருவ் திட்டம் 1984-ல் தொடங்கியது. முதல் மாதிரி 1992 ஆகஸ்ட் மாதம் பறந்தது. படைகளிடம் ஒப்படைக்கப்படத் தொடங்கியது 2002-ல்தான். முழு அளவில் உருவான மாதிரிகளும் கைவிடப்படுவதுண்டு. அமெரிக்க ராணுவம் தனது புதிய உளவுத் தாக்குதல் ஹெலிகாப்டர் திட்டத்தை 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது. பெல் நிறுவனத்தின் இன்விக்டஸ், சிகோர்ஸ்கி நிறுவனத்தின் ரெய்டர் எக்ஸ் ஆகிய இரு வடிவங்களும் அத்துடன் நின்றன.

கடலோரத்தின் கணக்கு

நெய்யாற்றின்கரை வட்டத்தின் பொழியூரும் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடியும் அடுத்தடுத்த கடற்கரைக் கிராமங்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல், இப்பகுதி மீனவர்கள் கடலில் இருந்தபோது தாக்கியது. பலர் உயிரிழந்தனர், பலர் திரும்பவே இல்லை. தேடுதல் பணியில் கப்பல்களுடன் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஈடுபடுத்தப்பட்டன. தூத்தூர் வட்டார மீனவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவு வரை சென்று தொழில் செய்பவர்கள் என்பதால், எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதே மீட்பில் முதல் கேள்வியாகிறது.

கணக்கு எளிது. கரையிலிருந்து 200 கிலோமீட்டர் தொலைவில் தத்தளிக்கும் படகை அடைய, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் 48 நிமிடங்கள் ஆகும். 400 கிலோமீட்டர் வேகத்தில் அது 30 நிமிடங்களாகக் குறையும். ஆனால் வேகம் மட்டும் போதாது. அந்தரத்தில் நிலையாக நின்று, கயிறு இறக்கி ஒவ்வொருவராகத் தூக்க வேண்டும். திரும்பி வரவும் எரிபொருள் மிஞ்ச வேண்டும். பெரிய சுழலி குறைந்த ஆற்றலில் நிலையாக நிற்கும். ஒரே எடையைச் சிறிய சுழலி தாங்கும்போது கீழ்நோக்கி வீசும் காற்று கடுமையாகும். தண்ணீரில் தத்தளிப்பவருக்கு அதுவே இடையூறாகும்.

எனவே, அறிமுகமில்லாத ஹெலிகாப்டர் படத்தைக் காணும்போது அது எவ்வளவு நவீனமாகத் தோன்றுகிறது என்பதைவிட, அந்தரத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை பேரை ஏற்றும், கப்பல் தளத்தில் இறங்குமா என்ற மூன்று கேள்விகளே பயனுள்ளவை. எல்லைக் கடலோரக் குடும்பங்களுக்கு அவற்றின் விடைகள் உயிரோடு தொடர்புடையவை.