ஒயர் அறுந்தா விளக்கு எரியணுமா, அணையணுமா?

பிரேக் பேட் தேய்ஞ்சுடுச்சுன்னு டேஷ்போர்டுல விளக்கு எரியுது. சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தா பேட் புத்தம் புதுசா இருக்கு. பேடுக்குப் போற மெல்லிசான ஒயர் மட்டும் அறுந்து தொங்குது. ஒயர் அறுந்தா கரண்ட் போகாது, விளக்கு அணையத்தானே வேணும்? ஏன் எரியுது? இதுக்குப் பதில் தேடினா, கார் வர்றதுக்கு முன்னாடி இருந்த ரயில்வேக்குப் போகணும்.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா ரயில் கடற்கரைக்குக் கிளம்பியது. வழியில் ஒரு ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. பாதிப் பாதியா இழுத்துட்டுப் போகலாம்னு பெட்டிகளை இரண்டாகப் பிரிச்சாங்க. அந்த ரயிலில் இருந்தது சாதாரண வேக்யூம் பிரேக். எஞ்சின் குழாயில் வெற்றிடத்தை உண்டாக்கினால்தான் பிரேக் பிடிக்கும். குழாயைக் கழட்டியதும் பின்பக்கப் பெட்டிகளுக்கு அந்தப் பிரேக் போயிடுச்சு. மிச்சம் இருந்த கைப்பிரேக் தாங்கல. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு ரயிலில் மோதின. 80 பேர் இறந்தாங்க, அதுல நிறைய பேர் குழந்தைங்க.

குழாய் அறுந்தா தானா பிடிக்கிற பிரேக்கை அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களிலேயே செய்து காட்டியிருந்தார். தொழில்நுட்பம் இருந்தது, கட்டாயம்தான் இல்லை. அர்மா விபத்து நடந்த அதே வருஷம், பயணிகள் ரயிலில் தானியங்கி பிரேக் கட்டாயம்னு பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது.

இதே யோசனையை மின்சாரத்துக்குக் கொண்டு வந்தவர் வில்லியம் ராபின்சன். ரயில் வந்தா கரண்ட் பாயும், சிக்னல் மாறும்: இதுதான் அவரோட முதல் டிசைன். இதுல ஒரு ஓட்டை. பேட்டரி தீர்ந்தாலோ ஒயர் அறுந்தாலோ, ரயில் நிற்கும்போதே சிக்னல் ‘பாதை காலி’ன்னு சொல்லும். 1872ல் அவர் காப்புரிமை வாங்கின டிசைன் இதை அப்படியே தலைகீழாக்கியது. தண்டவாளம் வழியா எப்பவும் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். அதுதான் ரிலேயைப் பிடிச்சு வச்சிருக்கும். ரயில் வந்தா சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் பண்ணும், ரிலே விழும், ‘ஆபத்து’ன்னு காட்டும். பேட்டரி செத்தாலும், ஒயர் அறுந்தாலும் அதே ‘ஆபத்து’தான். நம்ம சர்வர் உலகத்து ஹார்ட்பீட் மாதிரி: சத்தம் நின்னா ஏதோ தப்புன்னு அர்த்தம்.

இப்போ காருக்கு வருவோம். 80களின் மெர்சிடிஸ் டபிள்யூ124ல் பேடுக்குள்ள ஒத்தை ஒயர்தான். பேட் தேயத் தேய அதோட முனை டிஸ்கைத் தொடும், எர்த் கிடைக்கும், விளக்கு எரியும். இது ராபின்சனோட முதல் டிசைன் மாதிரி. ஒயர் அறுந்தா விளக்கு எரியவே எரியாது. பல பிஎம்டபிள்யூ கார்கள்ல வேற மாதிரி. பேடுக்குள்ள ஒயர் ஒரு வளையமா போய்த் திரும்பி வரும், அதுல கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். பேட் தேய்ஞ்சா டிஸ்க் அந்த வளையத்தை அறுத்துடும், விளக்கு எரியும். இது 1872 டிசைனோட வாரிசு.

அதனால ரிப்பேர் பண்ற முறையும் மாறுது. ரெண்டுக்குமே முதல் வேலை, நாலு பேடையும் கண்ணால பார்க்கிறது. பேட் நல்லா இருந்தா, வளைய வகையில் சென்சார் கனெக்டரைக் கழட்டி, வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால இணைச்சு இக்னிஷனைப் போடணும். விளக்கு அணைஞ்சா கோளாறு சென்சார்ல. அணையலைன்னா ஒயரிங்லயோ கனெக்டர்லயோ அதுக்கும் அந்தப் பக்கமோ. புது வண்டிகள்ல சென்சார் மாத்தின பிறகு ரீசெட்டும் பண்ணணும். ஒத்தை ஒயர் வகைக்குச் சோதனை நேர் எதிர்: ஒயரைக் கழட்டி வெறும் உலோகத்துல தொட்டா விளக்கு எரியணும். எரியலைன்னா இத்தனை நாளா அந்த எச்சரிக்கையே செத்துப் போயிருக்கு, யாருக்கும் தெரியல.

வளைய டிசைனுக்கு ஒரு விலை இருக்கு: பொய் அலாரம். சேறு, தண்ணி, ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் வளையற ஒயர், எது கெட்டாலும் விளக்கு எரியும். எரிச்சல்ல நிறைய பேர் செய்யறது என்ன? சோதனைக்குப் போட்ட அந்த ஒயரை அப்படியே விட்டு டேப் சுத்திடறது. விளக்கு அணையும், மனசு நிம்மதியாகும். ஆனா இனிமே பேட் இரும்பு வரைக்கும் தேய்ஞ்சாலும் சர்க்யூட் ‘எல்லாம் நலம்’னு சொல்லிக்கிட்டே இருக்கும். வளையமா இருந்தது, ஒத்தை ஒயரை விட மோசமா ஆயிடும்.

கோளாறு வந்தா கத்தணும், சும்மா இருந்தா மட்டும் சரின்னு அர்த்தம் ஆகக்கூடாது. ரயில்வே இதைச் சட்டமா ஏத்துக்க எண்பது உயிர் போச்சு. ஒரு சென்சாரோட விலை அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அந்த ஜம்பர் ஒயரைக் கழட்டிட்டு சென்சாரை மாத்துங்க மக்களே. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.