பையை எடுத்தாச்சு, அப்புறம்?

போன வருஷம் ஏழு மாசம் நம்ம ஷோ வரல. "ஸ்டுடியோ மாத்துறோம்"னு ஒரு போஸ்ட் போட்டேன், ஞாபகம் இருக்கா? அது பொய். ஸாரி.

எனக்கு மலக்குடல்ல கேன்சர். வயசு 34. மலக்குடலோட பெரும்பகுதியை எடுத்துட்டு, பெருங்குடலைக் கீழ இழுத்து ஆசனவாய்க்குப் பக்கத்துல இணைச்சாங்க. அந்த இணைப்பு ஆறுற வரைக்கும் அந்த வழியா எதுவும் போகக்கூடாது இல்லையா? அதனால சிறுகுடலோட ஒரு வளையத்தை வயித்துக்கு வெளிய கொண்டுவந்து பை மாட்டிவிட்டாங்க. அதுக்குப் பேர் இலியாஸ்டமி. நாலு மாசம் கழிச்சு அதை மறுபடி தைச்சு உள்ள தள்ளி மூடினாங்க. இதுக்குப் பேர் ரிவர்சல்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னிக்கு அம்மா பாயசம் வச்சாங்க. பை போச்சு, எல்லாம் முடிஞ்சதுன்னு வீடே சந்தோஷமா இருந்தது. அன்னிக்கு ராத்திரி 11 தடவை பாத்ரூம் போனேன். ரெண்டாவது வாரம் தோல் எரிஞ்சு, தண்ணி பட்டாலே கண்ணுல நீர் வந்தது.

ஆறாவது வாரம் செக்கப். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?" ஆறு, ஏழுன்னு சொன்னேன். "பரவாயில்லையே, நல்லா இம்ப்ரூவ் ஆகுது"ன்னார். அவர் கேட்டதும் தப்பில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. ஆனா அன்னிக்கு மெட்ரோல நாலு ஸ்டேஷன்ல இறங்கி, நாலு தடவை பாத்ரூம் தேடித்தான் அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தேன். அதை எந்தக் கேள்விக்குப் பதிலா சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

நம்ம ஷோவோட வழக்கப்படி, இந்தக் கேள்வியை யார், எப்போ முடிவு பண்ணினாங்கன்னு தேடிப் போனேன்.

1908, லண்டன். எர்னெஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன், அதுவரை தான் கீழ்ப்பக்கம் வழியாக மலக்குடல் கட்டியை அகற்றிய 57 நோயாளிகளைத் திரும்பிப் பார்த்தார். 54 பேருக்குக் கட்டி திரும்ப வந்திருந்தது. அதனால் வயிறு, கீழ்ப்பக்கம் ரெண்டு வழியாகவும் போய், ஆசனவாயோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். பிழைத்தவர்களுக்கு வயிற்றில் நிரந்தர வாசல். கொடூரமாத் தெரியலாம், ஆனா அந்தக் காலத்துல எண்ண வேண்டிய கணக்கு ஒண்ணுதான்: ஆள் இருக்காரா, இல்லையா.

அப்புறம் வந்த முக்கால் நூற்றாண்டை வேகமா ஓட்டிடறேன். 1948ல் மேயோ கிளினிக்கின் கிளாட் டிக்சன், மேல்பகுதிக் கட்டிகளுக்கு ஆசனவாயை விட்டுவைத்து இணைக்கலாம் என்று காட்டினார். 1958ல் சோவியத் யூனியனுக்குப் போன அமெரிக்க சர்ஜன் மார்க் ரவிட்ச், அங்கே திசுக்களை ஸ்டேப்ளர் போட்டு மூடுவதைப் பார்த்து அசந்துபோய், ஒரு கருவியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். எழுபதுகளில் வட்ட ஸ்டேப்ளர் பரவலாக வந்ததும், கை நுழையாத இடுப்பெலும்பின் ஆழத்தில்கூட குடலை இணைக்க முடிந்தது. 1982ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கைச் சேர்ந்த பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுத்தால் கட்டி அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்றார். நிரந்தரப் பையில் இருந்து ஆயிரக்கணக்கானவங்களைக் காப்பாத்தினது இவங்களோட வேலை. நானும் அதுல ஒருத்தன்.

ஆனா இணைப்பு கீழ இறங்க இறங்க, கசியும் ஆபத்து ஏறும். கசிந்தால் மலம் வயிற்றுக்குள் போகும், உயிருக்கே ஆபத்து. அதற்குத்தான் தற்காலிக இலியாஸ்டமி. அதோட கதை இன்னும் சுவாரசியம்.

சிறுகுடலை முதன்முதலில் வெளியே கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பாம், 1879ல். நோயாளி பிழைக்கவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் இலியாஸ்டமி என்றாலே நரகம்தான். சிறுகுடலில் இருந்து வருவது வெறும் கழிவு இல்லை, செரிமான நொதிகளும் அதில் இருக்கும். தோலையே செரிச்சிடும். வெளியே நீட்டிய குடலின் மேற்புறமும் புண்ணாகிச் சுருங்கி அடைத்துக்கொள்ளும். 1952ல் பர்மிங்காமின் பிரையன் புரூக் ஒரு சின்ன வேலை செய்தார். முழுக்கைச் சட்டையின் நுனியை மடிச்சு விடுவோமே, அது மாதிரி குடலின் நுனியை வெளிப்பக்கமாக மடித்துத் தோலோடு தைத்தார். அவ்வளவுதான். குழாய் வாய் போல நீட்டிக்கொண்டிருந்ததால் கழிவு தோலில் படாமல் நேராகப் பைக்குள் விழுந்தது. இன்னிக்கும் உலகம் முழுக்க அந்த மடிப்புதான்.

அதே காலத்தில் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற சர்ஜன், தோலைக் காக்கக் கராயா கோந்து பயன்படுத்தினார். கராயா எங்கிருந்து வருதுன்னு நினைக்கறீங்க? இங்கிருந்துதான். மத்திய இந்தியாவிலும் ஆந்திரக் காடுகளிலும் பழங்குடி மக்கள் மரத்தைக் கீறிச் சேகரிக்கும் பிசின். 1954ல் டர்ன்புல்லிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர் நார்மா கில். நர்ஸ் படிப்பு எதுவும் கிடையாது, தானே பையோடு வாழ்ந்த ஒரு இல்லத்தரசி. 1958ல் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க அவரையே கிளீவ்லாந்து கிளினிக்கில் வேலைக்கு வைத்தார் டர்ன்புல். இன்றைக்கு இருக்கிற ஸ்டோமா நர்ஸ் என்ற தொழிலே அங்கிருந்து பிறந்ததுதான். பையோட வாழ்றது எப்படின்னு, பையோட வாழ்றவங்களைக் கேட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

2007ல் ஸ்வீடனில் மத்தியசன் குழு 234 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. தற்காலிக ஸ்டோமா இல்லாதவர்களில் 28 சதவீதம் பேருக்குக் கசிவு. இருந்தவர்களில் 10 சதவீதம். ஆபரேஷனுக்கு முன்னாடி என் சர்ஜன் பேப்பர்ல எழுதிக் காட்டின நம்பரும் இதேதான். பை வேணாம்னு அடம்பிடிச்ச நான் அதைப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டேன்.

இறந்தவங்க எத்தனை பேர், கட்டி திரும்பினது எத்தனை பேருக்கு, கசிவு எத்தனை, எத்தனை பேருக்குப் பை மூடியாச்சு, இதெல்லாம் எண்ணப்பட்டது. மூடினதும் ஃபைலும் மூடிடும். அதுக்கப்புறம் பாத்ரூமுக்குள்ள என்ன நடக்குதுன்னு டாக்டர்களுக்குத் தெரியாம இல்ல. ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டாங்க, பெரும்பாலும் "எத்தனை தடவை"தான்.

மலக்குடல் வெறும் குழாய் இல்லைங்க. அது ஒரு வெயிட்டிங் ரூம். நிரம்பும்போது விரிஞ்சு கொடுக்கும், உள்ளே இருக்கிறது காத்தா தண்ணியா திடமான்னு பிரிச்சுச் சொல்லும், "மீட்டிங் முடியட்டும்"னு காத்திருக்கும். அதை எடுத்துட்டு அங்க வைக்கிற பெருங்குடலுக்கு இந்த எதுவும் தெரியாது. ரேடியேஷன் வாங்கின இடம் இறுகிப்போயிருக்கும். நாலு மாசம் வேலையில்லாம இருந்த குடல் மறுபடி தண்ணி உறிஞ்சப் பழகணும். முதல் வருஷத்துலதான் முன்னேற்றம் அதிகம், அதுக்கப்புறம் மெதுவா.

2012ல் டென்மார்க்கின் கத்ரினா எம்மர்ட்சன், சோரன் லார்பெர்க் இருவரும், இதே ஆபரேஷன் செய்துகொண்ட 961 பேரின் பதில்களை வைத்து ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலைத் தயாரித்தார்கள். பெயர் லார்ஸ் ஸ்கோர். மொத்தம் 42. ஒரு தொல்லை நோயாளியின் வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் போட்டார்கள். இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்தது. தண்ணியா கசிஞ்சா 3 மார்க்தான். ஒரு நாளைக்கு ஏழு தடவைக்கு மேல போனா வெறும் 4. போயிட்டு வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பப் போக வேண்டியிருந்தா, வாரம் ஒரு தடவை நடந்தாலே 11. ஓடியே ஆகணும்ங்கிற அவசரம் வாரம் ஒரு தடவையாவது வந்தா 16.

டாக்டர் என்கிட்ட கேட்ட கேள்விக்கு என் பதில் 2 மார்க். கேட்காத மூணு கேள்விக்கு 34. மொத்தம் 36. 30ஐத் தொட்டாலே கடுமைன்னு கணக்கு.

அடுத்த செக்கப்புக்கு அந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போனேன். டாக்டர் வாங்கிப் பார்த்தார், பேனாவைக் கீழ வச்சார். "மெட்ரோல வர முடியுதா?"ன்னு கேட்டார். அன்னிக்கு இருபது நிமிஷம் பேசினோம். சாப்பாட்டுக்கு முன்னாடி லோப்பராமைடு, ராத்திரி இசப்கோல், இடுப்புத் தசைப் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். இது எனக்குச் சொன்னது, நீங்களா கடையில வாங்கிடாதீங்க.

இப்போ ரிவர்சல் முடிஞ்சு 14 மாசம். ஸ்கோர் 28. தெரியாத ஊர்னா இன்னும் பயம்தான். கல்யாணத்துக்குப் போனா பந்தி முடிஞ்சுதான் சாப்பிடறேன், அதுவும் பாத்ரூம் எங்கன்னு பார்த்துட்டு.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ணும்போது மூணு தடவை நிறுத்தினோம். கடைசி ரெண்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம்தான். எங்கன்னு எடிட்ல தெரியாது.