கோப்பு முதற்பாடம்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்துக் கணினி அடிப்படைச் சொற்களின் கற்பித்தல் வரிசை பற்றி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையப் பதிவில் விண்ணப்பதாரரின் புகைப்படம் 20 கே.பி.க்குக் குறையாமலும் 50 கே.பி.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். கையொப்பத்துக்கு வரம்பு இன்னும் குறைவு: 10 முதல் 20 கே.பி. தென்காசி, செங்கோட்டை, கடையம், பாவூர்சத்திரம் என்று எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பிரவுசிங் சென்டர் இருக்கும். குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் அங்கே ‘போட்டோவ 50 கே.பி.க்குள்ள கொண்டு வரணும்ணே’ என்பதுதான் ஓயாத பேச்சு. மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கிலோபைட் என்பது 1024 பைட் என்று தேர்வில் சரியாக எழுதியவர்கள்தான். தம் கைப்பேசியில் எடுத்த படம் ஏன் மூன்று, நான்கு எம்.பி. ஆகிறது, அதை 50 கே.பி.க்குள் எப்படிக் கொண்டு வருவது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த இடைவெளி மாணவரின் குறையால் வந்ததாக நான் கருதவில்லை. கணினியின் அடிப்படைச் சொற்களை நாம் பிழையான வரிசையில் வைத்து, வரையறைகளாக மட்டுமே கற்பிக்கிறோம்; அதன் விளைவுதான் இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரிசையை முதலில் பார்ப்போம். 2018இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பழைய நூலைவிடப் பல வகையில் மேலானது. ஆயினும் அதன் முதல் பாடம் கணினியின் தலைமுறைகளோடு தொடங்குகிறது: வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று. அடுத்து எண் முறைகள், அதன் பின் கணினியின் அமைப்பு, அதற்கும் பின்னால் இயங்குதளம். மாணவர் ஒரு கோப்பை உருவாக்கி, பெயரிட்டு, கோப்புறைக்குள் வைத்து, மீண்டும் தேடி எடுக்கும் பாடம் ஐந்தாவதாக வருகிறது. பொறியின் வரலாற்றுக்கு இது பொருந்தும் வரிசைதான். கற்பவருக்கு இது பொருந்தாது. வெற்றிடக் குழாயை அவர் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. கோப்பையோ முதல் நாளிலேயே தொட்டுவிடுகிறார், அதற்குப் பெயர் கோப்பு என்று தெரியாமலே.

தமிழில் கலைச்சொல் இல்லாததால்தான் விளக்கம் தடுமாறுகிறது என்று சொல்லப்படுவதுண்டு. சான்றுகள் அதற்கு எதிராக உள்ளன. 1916லேயே சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை அமைத்தார்கள். திருநெல்வேலியை மையமாகக் கொண்டு இயங்கிய மற்றொரு சங்கம் 1938இல் கலைச்சொல் தொகுதி ஒன்றை அச்சிட்டது, இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பு அதில் பெரிது. கணினித் துறைக்கென மணவை முஸ்தபா தனி அகராதியே தொகுத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. இன்று அரசின் சொற்குவைத் தளத்தில் ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ளன. வன்பொருள், மென்பொருள், இயங்குதளம், நினைவகம் எல்லாம் பாடநூல் வழியே பிள்ளைகளின் வாய்க்கும் வந்துவிட்டன. பெயர் கிடைத்தவுடன் விளக்கமும் முடிந்ததாக நாம் எண்ணிவிடுகிறோம், தவறு அங்கேதான்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை இங்கே நினைப்பது பொருத்தம். கல்வி தமிழில்தான் நடக்க வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர் அவர். அதே சமயம் கம்பன் பாட்டுக்குப் பதவுரை சொல்லிவிட்டால் பாட்டு விளங்கிவிட்டது என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பாட்டைக் குரலெடுத்துச் சொல்லி, அது கேட்பவரிடம் என்ன செய்கிறது என்பதைக் காட்டுவதுதான் அவர் முறை. கணினிப் பாடத்தில் நாம் இன்னும் பதவுரையில்தான் நிற்கிறோம்.

கோப்பை எப்படி விளக்கலாம்? ஒரு வெறும் உரை எழுதியை (டெக்ஸ்ட் எடிட்டர்) திறந்து ‘தென்காசி’ என்று மட்டும் தட்டி, சேமித்து, அந்தக் கோப்பின் அளவைப் பார்க்கச் சொல்வேன். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட் என்று காட்டும். ஊர்ப் பெயரில் நாம் எண்ணுவது தெ, ன், கா, சி என்று நான்கு எழுத்து. கணினி எண்ணுவது எட்டு: த, எகரக் கொம்பு, ன, புள்ளி, க, துணைக்கால், ச, இகர விசிறி. யூனிகோட் அட்டவணையில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ‘அ’ 2949, ‘த’ 2980. யூ.டி.எஃப்-8 இந்த எண் ஒவ்வொன்றையும் மூன்று பைட்டாக எழுதுகிறது. எட்டு மூன்று இருபத்து நான்கு. குற்றாலம் என்று தட்டினால் 27. அதே தென்காசியை ஆங்கில எழுத்தில் தட்டினால் ஏழு எழுத்துக்கு ஏழே பைட். பைட், குறிமுறை, கோப்பு, அளவு என்ற நான்கு சொற்களும் ஒரே சோதனையில் கைக்கு வந்துவிடுகின்றன. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்க, தமிழில் ஏன் 70 குறிகளோடு நின்றுவிடுகிறது என்ற பழைய சந்தேகமும் இதே வழியில் தீரும். குறுஞ்செய்திக்கு இருப்பது 140 பைட்; அங்கே தமிழின் ஒவ்வொரு குறியும் இரண்டு பைட் எடுத்துக்கொள்கிறது.

அடுத்த படியாக விண்ணப்பப் புகைப்படத்தை எடுத்துக்கொள்ளலாம். 12 மெகாபிக்சல் கேமரா 4000க்கு 3000 என்ற கணக்கில் 1.2 கோடிப் புள்ளிகளைப் பதிகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வைத்தால் 3.6 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 36 எம்.பி. ஜேபெக் என்னும் சுருக்கமுறை கண்ணுக்குத் தெரியாத நுட்பங்களைக் கழித்து அதை மூன்று, நான்கு எம்.பி.யாக ஆக்கிவிடுகிறது. கடவுச்சீட்டு அளவுப் படத்துக்கு 400க்கு 500 புள்ளி தாராளம். படத்தின் நீள அகலத்தை அந்த அளவுக்குக் குறைத்துச் சேமித்தால் 50 கே.பி.க்குள் வந்துவிடும். தெளிவும் போதும். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வேலை இவ்வளவுதான். கிலோபைட்டை 1024 என்று மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட ஒரு வகுப்பு நேரமே போதும்.

1024 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 500 ஜி.பி. என்று அட்டையில் அச்சிட்ட ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் 465 ஜி.பி. என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வாங்கியவர் நினைப்பது இயல்பு. உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, பொருள் குறையவில்லை. பாடநூல் தரும் எண் இங்கே உயிர் பெறுகிறது.

நினைவகம் என்ற சொல்லில்தான் குழப்பம் மிகுதி. கைப்பேசிக் கடையில் ‘எட்டு நூத்தியிருபத்தெட்டு’ என்று விற்கிறார்கள். முதல் எண் ரேம், இரண்டாவது சேமிப்பகம். இரண்டையுமே ‘மெமரி’ என்கிறோம். ‘மெமரி ஃபுல்’ என்று கைப்பேசி சொன்னதும், திறந்திருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுகிறார்கள். நிரம்பியிருப்பதோ வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த படங்களும் காணொளிகளும். முதன்மை நினைவகம், துணை நினைவகம் என்ற பாடநூல் வகைப்பாடு இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை, ஏனெனில் இரண்டுக்கும் ‘நினைவகம்’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். வேறுபாட்டைக் கண்ணால் காட்டுவதே வழி. யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில், தானாகச் சேமிக்காத ஓர் எளிய எழுதியைத் திறந்து நான்கு வரி தட்ட வேண்டும். இரண்டு வரிக்குப் பின் ஒருமுறை சேமித்து, மீதி இரண்டைச் சேமிக்காமல் விட்டு, மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மீண்டும் இயக்கினால் முதல் இரண்டு வரி இருக்கும், பின்னிரண்டு இராது. போனவை ரேமில் இருந்தவை, நின்றவை சேமிப்பகத்தில் எழுதப்பட்டவை. மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் இந்தச் சோதனை பலிக்காது என்பதை ஆசிரியர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். சாரல் காலத்துக் காற்றில் மின்சாரம் போய் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘சேவ்’ என்ற சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் சொல்லாது.

உவமைகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மையச் செயலகம் கணினியின் மூளை என்ற உவமை எல்லா அறிமுக நூல்களிலும் இருக்கிறது. மூளை நினைவில் வைக்கும், யோசிக்கும், ஆசைப்படும். செயலகமோ நினைவகத்திலிருந்து ஓர் ஆணையை எடுக்கிறது, அது இன்னதென்று பிரித்தறிகிறது, நிறைவேற்றுகிறது, அடுத்ததை எடுக்கிறது. நொடிக்குக் கோடிக்கணக்கான முறை இதையே செய்கிறது. மூளை என்று சொல்லிவிட்டதால் நினைவகம் ஏன் தனியாக இருக்க வேண்டும் என்பது மாணவருக்குப் புதிராகிவிடுகிறது. மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் ‘சி.பி.யு.’ என்று ஊரே அழைக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பேச்சுவழக்கை நான் குறை சொல்லவில்லை; பழுது பார்க்கும் கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பில் ஒருமுறை பெட்டியைக் கழற்றி, விசிறிக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சிறிதாக இருக்கும் சில்லைக் காட்டிவிட்டால் போதும்.

இயங்குதளத்தை விளக்க நமக்கு ஓர் அருமையான வாய்ப்பு வாய்த்திருந்தது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒன்றாக நிறுவப்பட்டிருந்தன. இயக்கியவுடன் எது வேண்டும் என்று திரை கேட்கும். அதே விசைப்பலகை, அதே வட்டு, அதே திரை; தேர்வு மாறினால் தோற்றமும் நடத்தையும் மாறும். வன்பொருள் வேறு, அதை ஆளும் மென்பொருள் வேறு என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள். யாரும் அவர்களுக்கு அதைப் பாடமாக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இனி ஒரு வலுவான மறுப்பு. கைப்பேசியோடு வளரும் தலைமுறைக்குக் கோப்பு எதற்கு? படம் கேலரியில் இருக்கிறது, பாட்டு செயலியில் இருக்கிறது, கோப்புறையை யாரும் திறப்பதில்லை. உண்மைதான், கைப்பேசி கோப்பை மறைத்துவைக்கிறது. ஆனால் விண்ணப்பம் கோப்பைக் கேட்கிறது. சாதிச் சான்றிதழைப் பி.டி.எஃப். ஆகக் கேட்கிறது, கையொப்பத்தை ஜேபெக் ஆகக் கேட்கிறது. வேலைக்குப் போன இடத்திலும் கோப்பாகவே அனுப்பச் சொல்கிறார்கள். கருவி மறைப்பதைப் பாடமும் மறைத்துவிட்டால், பிரவுசிங் சென்டருக்குப் போவதைத் தவிர வழி இல்லை.

இந்த வட்டாரத்துக்கு இக்கேள்வி கூடுதல் அவசரமானது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பின்னர் அங்கேயே குடிவந்தார். வாடிக்கையாளர் குறைகளைப் பதிந்து தீர்க்க உலகெங்கும் பயன்படும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் பெரிதும் இங்கே உருவானது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து மென்பொருள் கற்பிக்கும் அந்நிறுவனத்தின் பள்ளி 2005இல் தொடங்கிப் பின்னர் இவ்வூருக்கும் வந்தது. ‘கிளவுட்’ என்ற சொல்லை விளக்க ஆசிரியர் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. மத்தளம்பாறையில் எழுதிய நிரல் சென்னையிலோ மும்பையிலோ உள்ள தரவு மையத்தின் சர்வரில் ஓடுகிறது. இந்தியப் பயனரின் தரவும் அங்குள்ள வட்டில்தான் கோப்பாக இருக்கிறது. பயனரின் பிரவுசர் அதைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. மேகத்தில் எதுவும் மிதக்கவில்லை என்று மாணவர் உணர்ந்துவிட்டால், நெட் இல்லாதபோது ஏன் படம் திறப்பதில்லை என்பது தானே விளங்கும்.

நெட், பிரவுசர், கூகுள் மூன்றும் ஒன்றே என்று நம்புவோர் பலர். முகவரிப் பட்டைக்கும் தேடல் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால், அரசுத் தளத்தைத் தேடிப் போய், அதைப் போலவே தோன்றும் வேறொரு தளத்தில் கட்டணம் கட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு. முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.’ என்று முடிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அறிமுகப் பாடத்தில் டொமைன் என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. வெற்றிடக் குழாய்க்கு இடம் உண்டு.

அக்கவுண்ட் என்ற சொல்லின் நிலையும் இதுவே. விண்ணப்பிக்க வரும் பெண்ணுக்கு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கடைக்காரரே உருவாக்கித் தருவது எங்கும் நடக்கிறது. அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார், அல்லது தம் கணினியிலேயே வைத்திருப்பார். ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் தாள் தொலைந்திருக்கும், மீட்பதற்குரிய ஓ.டி.பி. கடைக்காரரின் எண்ணுக்குப் போகும். பயனர்பெயர், கடவுச்சொல், மீட்பு எண் ஆகிய மூன்றும் யார் கையில் இருக்கின்றனவோ, கணக்கை ஆள்பவர் அவரே என்பதை முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும். மாணவர் தம் கையாலேயே ஒரு கணக்கை உருவாக்கி, கடவுச்சொல்லை மாற்றி, தம் வீட்டுக் கைப்பேசி எண்ணைப் பதிந்து, வெளியேறி, மீண்டும் உள்ளே வரும் வரை ஆசிரியர் அருகில் நின்று பார்க்க வேண்டும்.