செவியில் எண், வீட்டில் பெயர்

அமெரிக்கப் பந்தயத் திடல்களில் ஓடிய கிரேஹவுண்ட் நாயின் செவிமடல்களை மெல்ல விரித்தால் உட்புறத்தில் பச்சை குத்தப்பட்ட எண்களும் எழுத்துகளும் தென்படும். இடச்செவியில் அது பிறந்த ஈற்றின் பதிவெண்; வலச்செவியில் பிறந்த மாதம், ஆண்டின் கடைசி இலக்கம், உடன்பிறந்த குட்டிகளுள் அதன் வரிசையைக் காட்டும் ஓர் எழுத்து. அது ஓடிய ஒவ்வொரு பந்தயத்தின் நேரமும் வினாடியின் நூற்றிலொரு பங்கு வரை குறிக்கப்பட்டிருக்கும். இத்தனை நுணுக்கமாகக் கணக்கெழுதிய மனிதர்கள், ஓட்டம் முடிந்தபின் அந்த நாய் என்னவாயிற்று என்பதை மட்டும் நெடுங்காலம் எங்கும் எழுதிவைக்கவில்லை. வரலாற்றில் விடுபட்ட அந்தப் பக்கத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

தென்தமிழகத்துச் சிப்பிப்பாறை நாய்களைக் கண்டவர்களுக்குக் கிரேஹவுண்டின் உடலமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். மோப்பத்தை நம்பாமல் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைநாய் வகையைச் சேர்ந்தவை இவை. இவ்வகை நாய்களைப் பற்றிய மிகப் பழைய தனி நூல் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுதியவர், அலெக்சாந்தரின் படையெடுப்பு வரலாற்றை எழுதியவராக நாம் அறிந்த அர்ரியன். கெல்ட் மக்களின் விரைவு நாய்களைப் பற்றி அவர் எழுதிய அச்சிறு நூலில் இரண்டு செய்திகள் நம்மை நிறுத்துகின்றன. ஒன்று, உண்மையான வேட்டை விரும்பிகள் முயலைக் கொல்வதற்காக அன்றி ஓட்டப் போட்டியின் பொருட்டே நாயை அவிழ்த்துவிடுவர், முயல் தப்பினால் மகிழவும் செய்வர் என்பது. மற்றொன்று, இந்நாய்களுக்கு மென்மையும் வெதுவெதுப்பும் உள்ள படுக்கை வேண்டும், மனிதரோடு சேர்ந்து உறங்குவது அதனினும் நன்று என்பது. ஹோர்மே என்னும் தன் நாயின் பெயரையும் பிற்காலத்தார் அறியட்டும் என்றே அவர் எழுதிவைத்தார்.

ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டுகள் இந்த ஓட்டம் வயல்வெளியிலேயே நடந்தது. இங்கிலாந்தில் 1776இல் ஸ்வாஃபம் என்னும் ஊரில் இதற்கெனக் கழகம் தோன்றியது. 1836இல் வாட்டர்லூ கோப்பை தொடங்கிற்று. 1876இல் லண்டனை அடுத்த ஹெண்டனில், நேர்கோட்டுப் பாதையில் செயற்கை முயலை இழுத்து நாய்களை ஓடவிட்டுப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை. அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் வளைந்த தடத்தில் இயந்திர விசையால் ஓடும் முயலை அமைத்து, 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் பந்தயத் திடல் திறந்தார். உயிருள்ள முயல்கள் கிழிபடுவதைத் தவிர்ப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அந்த வகையில் முயல் பிழைத்தது. ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரே மாலையில் பல பந்தயங்கள் நடத்தலாம், ஒவ்வொன்றுக்கும் புதிய நாய்கள் வேண்டும். பண்ணைகளில் குட்டிகள் பெருகின. மெதுவாக ஓடிய நாய்க்கு இக்கணக்கில் இடமில்லாமற் போயிற்று.

1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வியூ திடலில் பிரிட்டனின் முதல் பந்தயம் நடந்தது. வந்தவர் ஏறத்தாழ 1,700 பேர். சில ஆண்டுகளுக்குள் அது உழைக்கும் மக்களின் மாலைப் பொழுதுபோக்காயிற்று. அக்காலத்தின் பெருநாயகன் 'மிக் த மில்லர்'. அயர்லாந்தில் ஒரு பாதிரியார் வளர்த்த நாய் அது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆங்கிலேய டெர்பியை வென்றது, திரைப்படத்திலும் தோன்றியது, 1939இல் இறந்தபின் அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, இன்றும் டிரிங் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு நாய்க்கு இத்தகைய முடிவு கிட்டியது. மற்றவற்றுக்கு?

அதற்கான விடை வெகுகாலம் மண்ணுக்குள் இருந்தது. 2006இல் இங்கிலாந்தின் சீஹம் நகரில் ஒருவர், பதினைந்து ஆண்டுகளாக ஓய்வுபெற்ற பந்தய நாய்களைக் காசு வாங்கிக்கொண்டு கொன்று புதைத்து வந்த செய்தி வெளியாயிற்று. எண்ணிக்கை பத்தாயிரம் இருக்கலாம் என்றனர். 2016இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம், 12 ஆண்டுகளில் 48,891 முதல் 68,448 வரையிலான நாய்கள் போதிய வேகமில்லை என்ற காரணத்தால் கொல்லப்பட்டிருக்கலாம் எனக் கணித்தது. அறிக்கையைக் கண்ட மாநில அரசு பந்தயத்துக்குத் தடை அறிவித்தது. சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. இரண்டு எண்களுக்கிடையே ஏறத்தாழ இருபதாயிரம் உயிர்கள் இடைவெளியாகக் கிடப்பதைக் கவனியுங்கள். வினாடியை நூறாகப் பகுத்தவர்கள் இறப்பை ஆயிரக்கணக்கில்கூடச் சரியாக எண்ணவில்லை.

மற்றொரு பக்கமும் மெல்ல எழுதப்பட்டது. பிரிட்டனில் 1975இல் ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளுக்கு வீடு தேடித்தரும் அறக்கட்டளை தோன்றியது. அமெரிக்காவில் 1980களில் தன்னார்வலர்கள் திடல்களிலிருந்து நாய்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கத் தொடங்கினர். 1989 டிசம்பரில் 'சிம்ப்சன்ஸ்' தொடரின் முதல் கதையிலேயே, பந்தயத்தில் தோற்று விரட்டப்பட்ட கிரேஹவுண்டை ஒரு குடும்பம் வீட்டுக்கு அழைத்துச் சென்றது. அதற்குள் இவ்வழக்கம் பொதுமக்களின் பேச்சுக்கு வந்துவிட்டது எனலாம்.

அப்படி வரும் நாய்க்கு வயது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிய அந்த நாய் மாடிப்படியின் முன் நடுங்கி நிற்கும். கண்ணாடிக் கதவில் போய் முட்டும். உடலில் கொழுப்பும் தோலில் தடிப்பும் இல்லாததால் குளிர்காலத்தில் மேலாடை வேண்டும். வெறுந்தரையில் படுத்தால் எலும்பு உறுத்திப் புண்ணாகும். பற்கள் பெரும்பாலும் கெட்டிருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிற இனங்களைவிட மிகுதி. இதை அறியாத மருத்துவர் நோய் என்று மயங்கக்கூடும். சிலவகை மயக்க மருந்துகளிலிருந்து இந்நாய்கள் மீள்வதற்கு நெடுநேரம் ஆகும் என்பதையும் கால்நடை மருத்துவம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாவற்றினும் நம்மை உலுக்குவது உறக்கம். தூங்கும்போது தொட்டால் சில நாய்கள் திடுக்கிட்டுச் சீறும். அது கோபமன்று. வாழ்நாளெல்லாம் கூண்டில் தனியே உறங்கியதால், உறக்கத்தில் ஒரு கை தன்மேல் படும் என்பதை அவை அறிந்ததில்லை. அதனால் தொடுமுன் பெயர் சொல்லி அழைக்கும்படி புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். சில மாதங்களில் அதே நாய் மெத்தையில் நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து உறங்கும். அர்ரியன் எழுதிவைத்துப் பந்தயத் தொழில் மறந்த பாடத்தை, அவர் பெயரையே கேள்விப்படாத குடும்பங்கள் தம் வீட்டுக் கட்டிலில் மீண்டும் கற்றன.

இந்த உறவின் காலம் குறுகியது. எலும்புப் புற்றுநோய் இந்த இனத்தைத் தாக்குவது அதிகம். ஒருநாள் லேசாகக் கால் தாங்கி நடக்கும், சுளுக்கென்று நினைத்திருப்பார்கள், ஊடுகதிர்ப் படம் வேறு சொல்லும். காலை அகற்றினால் மூன்று காலில் எழுந்து நடக்கும், ஆயினும் பெரும்பாலும் சில மாதங்களே கிட்டும். கருணைக்கொலைக்கு ஒப்புதல் தரும் நாளில், பந்தயத் தொழில் கூசாமல் செய்ததையே அன்பின் பெயரால் தாமும் செய்ய நேர்கிறதே என்ற எண்ணம் வளர்த்தவரை அறுக்காமல் இராது. இரண்டும் ஒன்றல்ல. இங்கே நாயின் தலை ஒருவரது மடியில் இருக்கிறது. அதன் பெயர் சொல்லி அழ ஆளிருக்கிறது.

திடல்கள் இப்போது ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 2018 ஜூலையில் மக்காவ் திடல் மூடப்பட்டபோது கைவிடப்பட்ட 500க்கும் மேற்பட்ட நாய்கள் இத்தாலி, அமெரிக்கா எனக் கடல் கடந்து வீடு சேர்ந்தன. அதே ஆண்டு புளோரிடா வாக்காளர்களில் 69 விழுக்காட்டினர் தடைக்கு ஆதரவளிக்க, 2020 முடிவில் அங்கே பந்தயம் நின்றது. பந்தயத்தை 2026இல் முடிப்பதென நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. நாய்களைத் தருபவர் திடல்காரர் என்பதால் பந்தயத்தைப் பற்றி வாய் திறவாத தத்துக் குழுக்கள் பல. பேசினால் உயிர்கள் கைக்கு வரா, பேசாவிட்டால் தொழில் தொடரும். திடல்கள் மூடினால் இனி வீடு தேடி வரும் நாய்களும் குறையும். தாம் நேசிப்பது அரிதாகும் நாளை விரும்பி எதிர்பார்ப்பது எளிதன்று. அதைச் செய்தவர்களை நாம் மதிக்கிறோம்.

ஹோர்மே எத்தனை முயல்களை முந்தினாள் என்பது நமக்குத் தெரியாது. அவள் பெயர் தெரியும். மனிதரருகே மென்படுக்கையில் உறங்க வேண்டும் என்று ஒருவர் அவளினத்துக்காகக் கேட்டது தெரியும். செவியில் எண்ணோடு வந்த நாய்க்கு வீட்டில் ஒரு பெயர் சூட்டப்படும்போது, விடுபட்ட பக்கத்தில் ஒரு வரி எழுதப்படுகிறது.