டி.வி.ஆர். பதிவை டிவிடிக்கு மாற்றுதல்

டி.வி.ஆர். பதிவை டிவிடிக்கு மாற்றுதல் என்பது, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வன்தட்டில் பதிந்துவைக்கும் டி.வி.ஆர். பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, சாதாரண டிவிடி பிளேயரில் ஓடும் வட்டாக ஆக்கிக்கொள்ளும் வேலை. 2000-ஐ ஒட்டித் தொடங்கிய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க, ஜப்பானிய வீடுகளில் இது மிகுதியாக நடந்தது. வன்தட்டு நிரம்பினால் பழைய பதிவு அழியும். பெட்டி பழுதானால் எல்லாமே போகும். வட்டு அலமாரியில் இருக்கும். ஒரு நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு. முன்னதற்குச் சட்டம் தாராளமாக வழிவிட்டது. பின்னதற்குத் தயாரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள்.

முன்வரலாறு

ஒளிபரப்பை நாடாவில் பிடித்துவைக்க 1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் வழி காட்டியது. இரண்டு அங்குல அகல நாடாவில் ஓடிய அந்த இயந்திரம் நிலையங்களுக்கானது. வீடுகளுக்கு அந்த வசதியைப் பரவலாகக் கொண்டுவந்தவை 1975-இல் சோனியின் பீட்டாமேக்ஸும் 1976-இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ்.ஸும். அதே 1976-இல் யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மீது வழக்குத் தொடுத்தன. 1979-இல் கீழ் நீதிமன்றத்தில் சோனி வென்றது. 1981-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுபடி வென்றது. இலவச ஒளிபரப்பைப் பதிந்து வேறு நேரத்தில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் சொன்னார். தம் சிறுவர் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து பார்ப்பதில் ஆட்சேபம் இல்லை என்ற ஃபிரெட் ராஜர்ஸின் சாட்சியமும் அதில் இடம்பெற்றது. பதிந்ததை அடுக்கிச் சேர்த்துவைப்பது பற்றி அந்தத் தீர்ப்பு தனியாக முடிவு கட்டவில்லை. பின்னாளில் வட்டுக்கு மாற்றியவர்கள் நின்றது அந்த வெற்றிடத்தில்தான்.

வன்தட்டில் பதியும் பெட்டி 1999-இல் வந்தது. ஆண்டனி வுட் தொடங்கிய ரீப்ளே டி.வி.யும், மைக் ராம்சே, ஜிம் பார்டன் இருவர் தொடங்கிய டிவோவும் கிட்டத்தட்ட ஒரே வேளையில் களம் இறங்கின. டிவோவின் முதல் பெட்டிகள் 1999 மார்ச் 31 அன்று விற்பனைக்கு அனுப்பப்பட்டன. தொடக்கப் பெட்டி ஒன்றில் ஆகக் குறைந்த தரத்தில் 14 மணி நேரம் பதியலாம். நல்ல தரம் வேண்டுமென்றால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். எதை அழிப்பது, எதை வைப்பது என்ற வீட்டுச் சண்டைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2001-இல் வந்த ரீப்ளே டி.வி. 4000 வரிசை விளம்பரங்களைத் தானாகத் தாண்டியது. பதிவை இணையம் வழியே இன்னொரு பெட்டிக்கு அனுப்பவும் செய்தது. ஸ்டூடியோக்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. அதைத் தயாரித்த சோனிக்ப்ளூ 2003-இல் திவால் மனு கொடுத்தது. ஆண்டனி வுட் அதற்கு முன்பே ரோகு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்.

டிவோ அடக்கமாக நடந்துகொண்டது. 2003-இல் பயனியர் நிறுவனம் டிவோ மென்பொருளையும் டிவிடி எழுதியையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. 2005 ஜனவரியில் வந்த ‘டிவோ டு கோ’ வசதி, பதிவை வீட்டு வலையமைப்பு வழியே கணினிக்கு அனுப்பியது. ஆனால் கோப்பு பூட்டப்பட்டே வந்தது. பயனருக்குரிய எண் இல்லாமல் திறக்காது. வட்டில் எழுத சோனிக் நிறுவனத்தின் மைடிவிடி மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. சொந்த எண்ணைக் கொடுத்தே பூட்டைக் கழற்றும் டிவோடீகோட் என்ற திறந்த மூலக் கருவி வந்த பிறகுதான் வேலை எளிதானது.

வட்டு வகைகள்

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. 120 மில்லிமீட்டர் விட்டம், ஒற்றை அடுக்கில் 4.7 ஜி.பி., இரட்டை அடுக்கில் 8.5 ஜி.பி. உறையில் 4.7 என்று அச்சிட்டிருந்தாலும் கணினி 4.37 என்றே காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024-ஆக எண்ணுகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இது காரணமாகாது.

எழுதக்கூடிய வட்டுகளில் முதலில் வந்தது பயனியரின் டிவிடி-ஆர், 1997-இல். அப்போது அதில் 3.95 ஜி.பி.தான் கொள்ளும், தொழில்முறைப் பயனுக்கான விலை. அடுத்த ஆண்டு டிவிடி-ராம் வந்தது. 2.6 ஜி.பி.யில் தொடங்கி 4.7-க்கு வளர்ந்த இது ஒரு லட்சம் முறை அழித்தெழுதத் தாங்கும் என்று சொல்லப்பட்டது. தொடக்கத்தில் உறைப்பெட்டிக்குள்ளேயே வந்த இந்த வட்டைப் பெரும்பாலான பிளேயர்கள் ஏற்கவில்லை. 1999-இல் டிவிடி-ஆர்டபிள்யூ வந்தது. ஆயிரம் முறை அழித்தெழுதலாம். அந்த ஆண்டின் இறுதியில் பயனியர் ஜப்பானில் விற்ற வீட்டு டிவிடி பதிவியின் மாதிரிப் பெயரும் டி.வி.ஆர். என்றே தொடங்கியது. அங்கே அது டிவிடி ரெக்கார்டரைக் குறித்தது. ஒரே மூன்றெழுத்து இரண்டு வேறு பெட்டிகளுக்கு ஒட்டிக்கொண்டதால் பழைய குறிப்பேடுகளைப் படிப்பவர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள்.

இவை மூன்றும் டிவிடி ஃபோரம் என்ற கூட்டமைப்பின் பிள்ளைகள். சோனி, பிலிப்ஸ் முதலியவை பிரிந்து நின்று 2001-இல் டிவிடி+ஆர்டபிள்யூ, 2002-இல் டிவிடி+ஆர் வட்டுகளைக் கொண்டுவந்தன. ஃபோரம்காரர்கள் தங்கள் பெயரில் உள்ளது வெறும் இணைப்புக்கோடு என்றார்கள். எதிரே கூட்டல் குறி வந்து நின்றதும் உலகம் அதைக் கழித்தல் குறியாகவே படித்தது. நம் ஊர்க் கடைகளிலும் ‘மைனஸ் ஆரா, பிளஸ் ஆரா’ என்றுதான் கேட்டார்கள். தொழில்நுட்பத்தில் கூட்டல் வகைக்குச் சில நயங்கள் உண்டு. ஆயினும் பழைய பிளேயர்களில் சிக்கலின்றி ஓடியதால் பதிவுகளைச் சேர்ப்பவருக்கு டிவிடி-ஆர் வட்டே பொருத்தமானது. 2002-இல் சோனியே இரண்டு வகையையும் எழுதும் கருவியை விற்கத் தொடங்கியதும் இந்தப் பூசல் பொருளற்றுப் போனது.

ஒருமுறை எழுதும் வட்டில் கரிமச் சாயப் படலத்தின் மீது லேசர் தடம் பதிக்கிறது. அழித்தெழுதும் வட்டில் ஓர் உலோகக் கலவை படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறுகிறது. சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஆகாது. கடையில் விற்கும் சினிமா டிவிடி ஆலையில் அச்சில் வார்த்தது. வீட்டில் எழுதிய வட்டுக்கு அதன் ஆயுள் கிடையாது.

மாற்றும் முறைகள்

பழைய முறை கம்பி வழி. பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளிலிருந்து டிவிடி பதிவிக்குக் கம்பி இழுத்து, ஒன்றில் நிகழ்ச்சியை ஓடவிட்டு மற்றதில் பதிவது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். நடுவில் யாராவது ரிமோட்டைத் தொட்டால் பட்டியல் திரையும் சேர்ந்து பதிவாகிவிடும். பூட்டுப் போட்ட கோப்பும் திரைக்கு வரும்போது வெறும் மின்னலையாகத்தானே வர வேண்டும்? அதனால் இந்த வழியை அடைப்பது கடினமாக இருந்தது. தொழில் வட்டாரத்தில் இதற்கு ‘அனலாக் ஓட்டை’ என்றே பெயர். படத்தின் மேல் விளிம்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத வரிகளில் ‘நகல் எடுக்காதே’ என்ற குறிப்பைச் செருகி அதையும் அடைக்கப் பார்த்தார்கள்.

டிவிடி பதிவிகளில் எக்ஸ்பி, எஸ்பி, எல்பி, ஈபி என்று தரநிலைகள் இருந்தன: ஒரு வட்டில் முறையே 1, 2, 4, 6 மணி நேரம். இரண்டு மணி நேரம் கொள்ள வேண்டுமானால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். அதுவே கண்ணுக்கு உறுத்தாத எல்லை. கிரிக்கெட், கால்பந்து போன்று படம் விடாமல் அசையும் நிகழ்ச்சிகள் ஆறு மணி நேரத் தரத்தில் கட்டம் கட்டமாகச் சிதறும்.

கோப்பு வழியில் வேகம் உண்டு, நுணுக்கமும் உண்டு. டிவிடி எம்பெக்-2 சுருக்கத்தில் அமைந்தது. அமெரிக்க முறையில் படம் 720×480 புள்ளிகள், இந்திய, ஐரோப்பிய முறையில் 720×576. ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள். படத்தின் உச்ச வேகம் 9.8 மெகாபிட். சில பெட்டிகளின் பதிவு 480×480 போன்ற, டிவிடி ஏற்காத அளவில் இருந்தது. அதை மறுபடி சுருக்கினால் தரம் ஒரு படி இறங்கும்.

எம்பெக்-2 ஓட்டத்தில் ஒவ்வொரு படமும் முழுதாக இருக்காது. ஏறக்குறைய அரை நொடிக்கு ஒன்றுதான் முழுப் படம். இடையில் உள்ளவை முன்பின் படங்களிலிருந்து மாறிய பகுதியை மட்டும் சுமப்பவை. எளிய மென்பொருள்கள் முழுப் படத்தில் மட்டுமே வெட்டும். விளம்பரத்தை எவ்வளவு கவனமாக நீக்கினாலும் சோப்பு விளம்பரத்தின் கடைசிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். வெட்டியதை ஒரு ஜி.பி.க்கு மிகாத துண்டுகளாக்கி, எந்தக் காட்சி எங்கே என்று சொல்லும் சிறு கோப்புகளையும் அவற்றின் மாற்றுப்படிகளையும் சேர்த்து எழுதுவார்கள். வீட்டுப் பதிவியில் எழுதியிருந்தால் கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்ய வேண்டும். அதை மறந்த வட்டு எழுதிய கருவியில் ஓடும், மாமியார் வீட்டு பிளேயரில் ஓடாது.

எச்.டி. ஒளிபரப்பு வந்ததும் கணக்கு இடித்தது. அமெரிக்கத் தரைவழி எச்.டி. அலைவரிசை நொடிக்கு 19.39 மெகாபிட் வரை சுமக்கும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் சுமார் 8.7 ஜி.பி.; இரட்டை அடுக்கு வட்டுக்கும் அடங்காது. ஆகவே டிவிடிக்கு மாற்றுவது என்றாலே படத்தைச் சிறிதாக்குவது என்று ஆனது.

ஜப்பானின் தனிவழி

வன்தட்டும் டிவிடி எழுதியும் சேர்ந்த பெட்டி ஜப்பானில் 2001-லேயே விற்பனைக்கு வந்து வீட்டுக்கு வீடு பரவியது. அங்கே பெட்டிக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். 2004 ஏப்ரலில் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ‘ஒரே ஒரு நகல்’ விதி வந்தது. வன்தட்டில் பதிவதே அந்த ஒரு நகல். வட்டுக்கு அனுப்பினால் அது இடமாற்றம் ஆகும். வன்தட்டிலிருந்து பதிவு அழிந்துவிடும். எழுதும்போது வட்டு கோளாறானால் இரண்டும் இல்லை. இதற்கென சி.பி.ஆர்.எம். என்ற பூட்டு கொண்ட தனி வட்டுகள் வேண்டியிருந்தன. அவை சாதாரண பிளேயர்களில் ஓடவில்லை. எதிர்ப்பு வலுத்து, 2008 ஜூலை 4 முதல் ‘டப்பிங் 10’ என்ற விதி நடைமுறைக்கு வந்தது: ஒன்பது நகல்கள், பத்தாவது இடமாற்றம். நகலிலிருந்து நகல் எடுக்க முடியாது. அமெரிக்காவில் இதையொத்த ‘ஒளிபரப்புக் கொடி’ விதியை 2003-இல் தகவல் தொடர்பு ஆணையம் கொண்டுவந்தது. 2005 மே மாதம் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சட்டமும் இந்தியாவும்

பிரிட்டனின் 1988 சட்டம் பிறகு பார்ப்பதற்கான வீட்டுப் பதிவை அனுமதிக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 39-ஆம் பிரிவு, பதிவு செய்பவரின் சொந்தப் பயனுக்கென ஒளிபரப்பைப் பதிவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பிறகு பார்க்கவா, வைத்துக்கொள்ளவா என்று அது பிரிக்கவில்லை. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவும் மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. பூட்டை உடைப்பது பற்றிய அமெரிக்காவின் 1998 சட்டம் இந்த அளவு இளகியதல்ல.

சட்டம் இடம் கொடுத்தும் பெட்டி கொடுக்கவில்லை. 2008-இல் வந்த டாடா ஸ்கை பிளஸ் பெட்டியில் பதிந்தது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பென்டிரைவில் பதியும் பெட்டிகளிலும் பதிவு பெரும்பாலும் வேறு எதிலும் ஓடாது. தமிழ்நாட்டில் ‘டிவிடிக்கு மாற்றித் தரப்படும்’ என்று ஸ்டூடியோ வாசல்களில் தொங்கிய பலகைகள் கல்யாண கேசட்டுகளுக்கானவை.

இன்றைய நிலை

ஓடிடி வந்தபின் தேவை சுருங்கிவிட்டது. புதிய மடிக்கணினிகளில் வட்டு செருகும் வாயே இல்லை. எழுதக்கூடிய புளூரே வட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.